பேத்திக்குக் கிடைத்த வேலை

அன்பு மக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே குளச்சலில் ஐப்பசி மழை விட்டபாடில்லை. முற்றத்துப் பலாமரத்தின் கிளை ஒன்று நேற்று ராத்திரி ஒடிந்து கிணற்று மேல் விழுந்து கிடந்தது. காலையில்தான் ஆள் பிடித்து வெட்டி மாற்றினேன். வீட்டுக்காரிக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் பேத்திக்கு விமானப்படையில் இடம் கிடைத்த வரியை வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உரக்க வாசித்தேன். அதற்கு அடுத்த வரியில் குரல் தானே இறங்கிவிட்டது. 'பைலட் இல்லையாம், தரைப்பணிதானாம், ராடார் முன்னால் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லுகிற வேலையாம்' என்று ஏதோ பரீட்சையில் தோற்றவளைப் பற்றி எழுதுவது போல எழுதியிருக்கிறாய். மக்கா, இதை அந்தப் பிள்ளை காதில் விழும்படி சொல்லிவிடாதே. இருபது வருஷம் ராடார் யூனிட்டில் ரிப்பேர் பார்த்தவன் சொல்கிறேன், கேள்.

நாங்கள் இருந்த காலத்தில் அந்த அறை எப்போதும் அரை இருட்டாக இருக்கும். நடுவில் பெரிய கண்ணாடிப் பலகை. அதன் பின்னால் இரண்டு பையன்கள் நின்று மெழுகுப் பென்சிலால் எண்களை இடவலம் மாற்றி எழுதிக்கொண்டே இருப்பார்கள், முன்னால் இருப்பவர்களுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கன்ட்ரோலர் காதில் ஹெட்போனோடு பச்சைத் திரையைப் பார்த்தபடி இருப்பார். எத்தனை விமானம் மேலே இருந்தாலும் குரல் ஒரே சீராக இருக்கும். அந்தக் குரலை நம்பித்தான் மேலே இருப்பவன் திரும்புவான், ஏறுவான், இறங்குவான்.

ஒரு தாக்குதலுக்குப் போகிறார்கள் என்றால் குண்டு போடுகிற விமானம் மட்டும் போவதில்லை. அதைக் காக்கச் சண்டை விமானங்கள், எதிரி ராடாரைக் குழப்ப ஒரு கூட்டம், தூரத்தில் நின்று வானத்தையே கவனிக்கிற நேத்ரா மாதிரி விமானம், பறக்கும்போதே எண்ணெய் தருகிற டேங்கர் விமானம், யாராவது விழுந்தால் எடுத்து வர ஹெலிகாப்டர். இதை மொத்தமாகப் பேக்கேஜ் என்பார்கள். திட்டத்தைக் கடைசியிலிருந்துதான் போடுவார்கள். இலக்கின் மேல் எந்த நிமிஷம் இருக்க வேண்டும் என்பது முதலில். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எங்கே எல்லோரும் கூட வேண்டும், டேங்கர் எங்கே காத்திருக்க வேண்டும், யார் எப்போது ஓடுபாதையை விட வேண்டும் என்று வரிசையாக வரும். மழை, மேகம் சொல்கிறவனும் அந்த மேஜையில் உண்டு.

சின்ன வயதில் நாம் கரையில் நின்று கரமடி வலை இழுத்தது ஞாபகம் இருக்கிறதா? வலையின் இரண்டு கம்பாக் கயிற்றையும் இரண்டு கூட்டம் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணும், மீன் வெளியே போகும். 1943 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்கர்களுக்கு இதுதான் நடந்தது. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபுர்ட் என்ற இரண்டு ஊர்களை அடுத்தடுத்துத் தாக்க 376 குண்டுவீச்சு விமானங்கள். முதல் கூட்டம் எதிரிச் சண்டை விமானங்களை இழுத்துக்கொண்டால் இரண்டாம் கூட்டத்துக்கு வழி லேசாகும் என்பது கணக்கு. இங்கிலாந்தில் மூடுபனி. முதல் கூட்டம் கிளம்பிவிட்டது, இரண்டாவது பல மணி நேரம் தரையில் நின்றது. அதற்குள் ஜெர்மானியர்கள் இறங்கி, எண்ணெயும் குண்டும் நிரப்பிக்கொண்டு மறுபடி ஏறிவிட்டார்கள். அன்று 60 விமானங்கள் போயின. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ்காரர்கள் அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஓடுபாதையில் குண்டு போட ஒரே ஒரு வல்கன் விமானத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு எண்ணெய் கொடுக்க 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின. டேங்கருக்கே டேங்கர் கொடுத்து, கொடுத்தது ஒவ்வொன்றாகத் திரும்பிவிடும். கூடுதலாக ஒரு வல்கனும் போனது. அது எவ்வளவு நல்லதாயிற்று! முதல் வல்கனின் ஜன்னல் ரப்பர் சரியாக மூடாததால் அது திரும்பிவிட்டது. கூடுதலாக வந்ததுதான் வேலையை முடித்தது. கடைசிக் கட்டத்தில் வானிலை மோசமாகி ஒரு டேங்கரின் எண்ணெய் வாங்குகிற குழாய் ஒடிந்தது. அதற்குப் பதிலாக முன்னால் போன டேங்கரின் கேப்டன் பாப் டக்ஸ்ஃபோர்டு, தான் ஊர் திரும்ப வைத்திருந்த எண்ணெயையும் சேர்த்து வல்கனுக்குக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் தனக்கு ஒரு டேங்கர் வராவிட்டால் கடலில்தான் விழ வேண்டும். ஆனாலும் வல்கன் குண்டு போட்டாயிற்று என்ற சேதி வரும்வரை ரேடியோவைத் தொடவில்லை. தொட்டால் எதிரிக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் கேட்டார், இன்னொரு டேங்கர் வந்தது, பிழைத்தார். போட்ட 21 குண்டுகளில் ஒன்று ஓடுபாதையில் விழுந்தது. எனக்கு அந்தக் குண்டைவிட டக்ஸ்ஃபோர்டு வாய் திறக்காமல் இருந்த அந்த நேரம்தான் பெரிது.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2019 பிப்ரவரி 26 அன்று பாகிஸ்தானில் இருக்கிற பாலாகோட்டைத் தாக்க மிராஜ் விமானங்கள் போனபோது கூடவே சுகோய் சண்டை விமானம், நேத்ரா, டேங்கர் எல்லாம் பறந்தன. மறுநாள் பாகிஸ்தான் விமானங்கள் திருப்பித் தாக்க வந்தபோது தரையிலிருந்து நம் பைலட்டுகளுக்கு வழி சொன்னவர் ஸ்குவாட்ரன் லீடர் மின்டி அகர்வால். உன் பேத்திக்குக் கிடைத்திருக்கிறதே, அதே வேலை. அதற்காக அவருக்கு யுத்த சேவா பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். இதைப் பேத்தியிடம் நீயே சொல்லு.

அதே நாள், அதே காலையில், காஷ்மீரில் பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்திவிட்டது. உள்ளே இருந்த ஆறு பேரும் கீழே ஒரு ஊர்க்காரரும் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார். வானத்தில் இருப்பது யாருடையது என்று சொல்கிற வேலை எவ்வளவு கனமானது என்று இந்த ஒரே நாளை வைத்து யோசித்துப் பார்.

போரை விடு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பிள்ளைகள் ஆழ்கடலில். மேலே விமானம் தேடும், ஆனால் அது கண்ட இடத்துக்குக் கப்பல் போய்ச் சேர வேண்டும், அலையும் காற்றும் அதற்குள் படகை எங்கே தள்ளியிருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். கடலுக்கடியில் எந்தப் பாறைப் பாரில் மீன் பிடிப்பார்கள் என்று தெரிந்த நம் ஆட்களையும் கூட்டிப்போங்கள் என்றுதான் கரையில் கதறினார்கள். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் சனம் மறியலில் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. விமானம், கப்பல், கடலைத் தெரிந்தவன், மூவரையும் ஒரே வரைபடத்தில் சேர்த்துப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும் மக்கா. உன் பேத்தி படிக்கப் போவது அந்த வித்தையைத்தான்.

ஜனவரியில் துண்டிகல் விமானப்படைப் பயிற்சிக் கழகத்துக்குக் கிளம்பும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. மரச்சீனி அவித்து வைக்கச் சொல்கிறேன், சாளை கிடைத்தால் குழம்பும் உண்டு. கண்ணாடிப் பலகையில் இடவலம் மாற்றி எழுதுவது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவளுக்குக் காட்டித் தருகிறேன்.

உன்,
குளச்சல்காரன்