ஃபோட்டோமீட்டர் செய்வது பற்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பழைய டி.வி.டி.யும் வெப்கேமும் வைத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (எந்த நிற ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். நிறமாலை காட்ட அது அருமையான வழி. டி.வி.டி.யின் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால், சி.எஃப்.எல். விளக்கின் 436, 546 நானோமீட்டர் கோடுகள் பளிச்சென்று பிரிந்து தெரியும். ஆனால் பியர்-லாம்பர்ட் விதியை, அதாவது கரைசலின் செறிவுக்கு நேர்விகிதமாக ஒளி உறிஞ்சல் கூடும் என்பதை, அளந்து காட்ட அதை நம்பாதே. கரைசல் அடர்ந்தால் கேமரா தானாகவே எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும். கணக்கு அங்கேயே போச்சு.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு எல்.இ.டி., ஒரு ஃபோட்டோடையோடு (வெளிச்சத்தை மின்னோட்டமாக்கும் டையோடு) போதும். எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ரெசிஸ்டர்) மலிவுதான், ஆனால் வெளிச்சத்துக்கு நேர்விகிதமாக நடக்காது. வரைபடம் வளையும், பிள்ளைகள் விதியையே சந்தேகிப்பார்கள்.

மின்சாரத்துக்கு 5 வோல்ட் போன் சார்ஜர். பவர் பேங்க் வேண்டாம். இத்தனை சின்ன லோடுக்குப் பெரும்பாலானவை தானே அணைந்துவிடும். 525 நானோமீட்டர் பச்சை எல்.இ.டி.க்குத் தொடரில் 470 ஓம் ரெசிஸ்டர். நடுவே குவெட், அதாவது கரைசல் ஊற்றும் தெளிந்த சின்னக் கலம். எதிரே பி.பி.டபிள்யூ.34 ஃபோட்டோடையோடு, ரிவர்ஸ் பயாஸில் (முனைகளைத் திருப்பி இணைத்து), தொடரில் 100 கிலோ ஓம்; அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டர். வெறும் தண்ணீருக்கே 4 வோல்ட்டைத் தாண்டினால் 470-ஐ எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போடு. எல்.இ.டி. சூடாகி நிலைக்க ஐந்து நிமிடம் விடு.

பெட்டிதான் பாதி வேலை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் பல அகச்சிவப்பை உள்ளே விடும், இந்த டையோடுக்கோ அகச்சிவப்பில்தான் கூர்மை அதிகம். மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் இந்தக் கசிவு பிடிபடாது, அதன் வெளிச்சத்தில் அகச்சிவப்பு இல்லை. எல்.இ.டி.யை அணைத்து, மூடி போட்டு, பெட்டியை வெயிலில் வைத்துப் பார். மீட்டர் ஏறினால் வெளிப்பக்கம் அலுமினியத் தாள் சுற்று.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் 0.158 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதில் 1, 2, 3, 4 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் தண்ணீர் சேர்த்து 10 மில்லி ஆக்கு. எல்.இ.டி. அணைந்த இருட்டில் 0.01, தண்ணீருக்கு 3.60, கரைசலுக்கு 2.10 வோல்ட் வந்தால், இருட்டு அளவைக் கழித்து, அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) = லாக் (3.59/2.09) = 0.235. எல்.இ.டி.யின் நிறப்பட்டை அகலமானது. அதனால் செறிவு-அப்சார்பன்ஸ் வரைபடத்தின் சாய்வு புத்தக அளவைவிடச் சற்றுக் குறையும், மேல்முனை லேசாகக் கீழ்நோக்கி வளையும். அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. குவெட்டில் பழுப்புக் கறை படிந்தால் எல்லா அளவும் கூடும். நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் கழுவினால் போய்விடும்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் ஃபுளோரைடையும் இதில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கான ஸ்பாட்ன்ஸ் முறைக்கு (ஃபுளோரைடு பட்டால் வெளுக்கும் ஒரு சாயத்தைக் கொண்டு அளக்கும் முறை) 570 நானோமீட்டர் வேண்டும், பச்சை எல்.இ.டி. ஆகாது. அதில் ஃபுளோரைடு கூடக் கூட நிறம் வெளுக்கும், வரைபடம் கீழ்நோக்கி இறங்கும். பெர்மாங்கனேட் கோடு ஒழுங்காக வந்த பிறகு அதைத் தொடு.

அன்புடன்,
கண்ணப்பன்