பிக்கப்பைக் கொடுக்கும் முன் கேலனை எண்ணு

அன்புள்ள மகனுக்கு,

எஃப்-150 பிக்கப் ட்ரக்கைக் கொடுத்துவிட்டு எஸ்யூவி வாங்கப்போவதாகச் சொன்னாய். குழந்தை பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதும் நியாயம்தான். அந்த உயரத்துக்கு மருமகள் கைக்குழந்தையோடு ஏறி இறங்க முடியாது. ஆனால் நீ அனுப்பிய பட்டியலில் வண்டிகளை எம்.பி.ஜி. (ஒரு கேலனுக்கு எத்தனை மைல்) வரிசையில் அடுக்கியிருக்கிறாய். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

உன் எட்டு சிலிண்டர் 4x4 (நான்கு சக்கரமும் இழுக்கும்) ட்ரக்குக்கு ஸ்டிக்கர் கணக்கு 18 எம்.பி.ஜி. ஆண்டுக்கு 12,000 மைல் என்றால் 667 கேலன் குடிக்கிறது. சாதாரண பெட்ரோல் எஸ்யூவி ஒன்று 28 தருகிறது என்று வை. அது 429 கேலன். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் 40 தந்தால் 300 கேலன். முதல் தாவலில் 238 கேலன் மிச்சம், இரண்டாவதில் 129 மட்டும். எம்.பி.ஜி.யில் பார்த்தால் இரண்டாவது தாவல்தான் பெரிது. பெட்ரோல் பங்கில் பார்த்தால் முதலாவதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், பெரிய எம்.பி.ஜி. எண்ணுக்குப் பக்கத்திலேயே, நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார். உன் ட்ரக் 5.6, சாதாரண எஸ்யூவி 3.6, ஹைப்ரிட் 2.5. அந்த எண்ணைத்தான் கழித்துப் பார்க்க முடியும்.

கேலன் 3 டாலர் என்று வைத்தால், 28-க்கும் 40-க்கும் இடையில் ஆண்டுக்கு 387 டாலர். ஹைப்ரிட்டுக்கு 2,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் திரும்பி வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதை நான் ஒத்துக்கொள்வேன். அதற்கு மேல் டீலர் 'தட்டுப்பாடு' என்று சொல்லி 3,000 டாலர் ஏற்றினால், அந்த மூவாயிரத்துக்கு மட்டும் இன்னும் எட்டு வருஷம். பங்கில் மிச்சம் பிடித்ததை டீலர் மேஜையில் கொட்டுவதற்கு நீ வண்டி மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னாலும் உனக்கு ஹைப்ரிட்தான் சரி. காரணம் உன் சாலை. ரவுண்ட் ராக்கிலிருந்து ஆஸ்டினுக்கு ஐ-35 நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகிறாய். நின்று நின்று கிளம்பும் ஓட்டத்தில் சாதாரண எஞ்சின் நிற்கும்போதும் குடிக்கும், பிரேக்கில் போகும் சக்தியும் சூடாகி வீணாகும். ஹைப்ரிட்டில் பிரேக் அழுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு அனுப்பும். சிக்னலில் எஞ்சின் அணைந்திருந்தாலும் ஏ.சி. ஓடும், கம்ப்ரஸர் மின்சாரத்தில் சுற்றுவதால். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலுக்கு இது ஒன்றே போதும்.

சான் அன்டோனியோ போகும்போது எஸ்.எச்.130 டோல் சாலையில் ஏறுவாய். ஆஸ்டினுக்குத் தெற்கே அதில் 85 மைல் வரை அனுமதி. அமெரிக்காவிலேயே அதிக வேக வரம்பு அதுதான். 65-லிருந்து 85-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு விசை 1.7 மடங்காகும். அங்கே பிரேக்கே அடிக்காததால் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் இல்லை. 40 என்று எழுதிய வண்டி அந்தச் சாலையில் 30-ஐ ஒட்டி வந்தால் வண்டியைக் குறை சொல்லாதே. கூரைமேல் பெட்டி கட்டினால் இன்னும் இறங்கும்.

அடுத்து, ட்ரக் உனக்கு என்னென்ன வேலை செய்தது என்று ஒரு தாளில் எழுது. மனசிலிருந்து எழுதாதே, கடந்த 12 மாத ரசீதுகளைப் பார்த்து எழுது. ப்ளைவுட் எத்தனை தடவை, உரமண் மூட்டை எத்தனை தடவை, ட்ரெய்லர் எத்தனை தடவை. நான்கடிக்கு எட்டடி ப்ளைவுட் பலகை உன் ட்ரக்கின் சக்கர மேடுகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும். நீ பார்க்கும் நடுத்தர எஸ்யூவி எதிலும் அது படுக்காது. கடையிலேயே அறுத்து வாங்கலாம், அல்லது வருஷத்துக்கு மூன்று தடவை கடையின் ட்ரக்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். மூன்று தடவைக்காக மீதி நாளெல்லாம் எட்டு சிலிண்டரை ஓட்டுவது கட்டாது. ஆனால் அந்தத் தாளில் முப்பது தடவை என்று வந்தால் எஸ்யூவியை மற. ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட்டைப் போய்ப் பார். நாலரை அடி படுக்கை, சுமார் 1,500 பவுண்டு சுமை, முன்சக்கர வண்டிக்கு 37-38 எம்.பி.ஜி. பின்சீட்தான் நெருக்கம், குழந்தை சீட்டுக்கு இடிக்கும்.

சுமை விஷயத்தில்தான் ட்ரக் ஓட்டிப் பழகியவர்கள் ஏமாறுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் எழுதிய வெள்ளை, மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். 'ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது' என்று அதில் ஒரு வரி. நடுத்தர எஸ்யூவிகளில் அது ஆயிரத்துச் சொச்சம்தான். நீங்கள் இருவரும் 300 பவுண்டு. 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை பத்து ஏற்றினால் 800. வரம்பு வந்துவிட்டது. டிக்கியில் இடம் மிச்சம் இருப்பதைப் பார்த்து இன்னும் நாலு மூட்டை போடுவார்கள், பின்பக்கம் அமர்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், டயர் சூடேறும்.

ட்ரெய்லருக்கும் இதே கதை. 2025 வரை வந்த டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட் இழுப்பது 1,750 பவுண்டு. ஹோண்டா சி.ஆர்.வி. ஹைப்ரிட் 1,000. ஹூண்டாய் டக்ஸன் ஹைப்ரிட் 2,000. டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட் 3,500. வாடகைக்குக் கிடைக்கும் ஐந்துக்கு எட்டு மூடிய ட்ரெய்லர் காலியாகவே 900 பவுண்டு அளவில் இருக்கும். அப்படியென்றால் சி.ஆர்.வி.யில் அதைக் காலியாகத்தான் இழுக்கலாம். ட்ரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னாலுள்ள ஹிட்ச் கொக்கிமேல் அழுத்தும் எடை, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். அந்த அழுத்த எடையும் கதவு ஸ்டிக்கரில் உள்ள சுமைக் கணக்கில்தான் சேரும்.

வண்டிகளுக்கு வருகிறேன். ரேவ்4 ஹைப்ரிட் (2019 முதல் 2025 வரை) நகரத்தில் 41, நெடுஞ்சாலையில் 38, சேர்த்து 40. இரண்டரை லிட்டர் எஞ்சின், இரண்டு மோட்டார், நடுவில் ஒரு கிரக கியர் தொகுதி (ஒன்றைச் சுற்றி மற்றவை சுழலும் பற்சக்கரங்கள்). 'சி.வி.டி.' என்று, வழக்கமாகப் பெல்ட்டில் ஓடும் கியர் பெட்டியின் பெயர் வைத்திருந்தாலும் பெல்ட்டே கிடையாது. ஸ்டார்ட்டரும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. கெட்டுப்போகும் சாமான் இவ்வளவு குறைந்த கியர் பெட்டியை வேறு எங்கும் காண்பது அரிது. பின்சக்கரங்களுக்குத் தனி மோட்டார். முன்னாலிருந்து ஷாஃப்ட் (சுழல்தண்டு) எதுவும் போகாது. ஈரச் சாலைக்கும் சரளைக்கும் அது போதும். உன் 4x4 லோ கியரில் சேற்றில் ஏறியதை இதனிடம் எதிர்பார்க்காதே. 2026 மாடலிலிருந்து ரேவ்4-ல் வெறும் பெட்ரோல் வண்டியே கிடையாது, எல்லாம் ஹைப்ரிட்தான். ஆனால் முன்சக்கர இழுவை மட்டும் உள்ளதும் வருகிறது. அதனால் வாங்கும்போது எது என்று கேட்டு வாங்கு.

சி.ஆர்.வி. ஹைப்ரிட் வேறு விதம். பெரும்பாலும் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் இழுக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டி எஞ்சினே நேராகச் சக்கரத்தைச் சுற்றும். பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் உண்டு. முன்சக்கர வண்டி 40, நான்கு சக்கர வண்டி 37. இந்த வண்டிகளில் உட்கார்ந்து போக இதமானது இதுதான் என்பது என் எண்ணம். டக்ஸனும் கியாவின் ஸ்போர்டேஜும் 1.6 லிட்டர் டர்போவோடு ஆறு கியர் சாதா ஆட்டோமேட்டிக் பெட்டி. ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் பழையது வாங்குகிறாய் என்றால் ஒன்று கவனி. 10 ஆண்டு, 1,00,000 மைல் எஞ்சின் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவது கைக்கு வந்ததும் 5 ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். டொயோட்டா 2020 மாடல் முதல் ஹைப்ரிட் பேட்டரிக்குத் தரும் 10 ஆண்டு, 1,50,000 மைல் அப்படிச் சுருங்காது, வண்டியோடு போகும்.

சார்ஜ் போடும் பிளக்-இன் வகை பற்றியும் கேட்டிருந்தாய். மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு போய்விட்டது. இப்போதைய விலையில் உன் ஓட்டத்துக்குக் கட்டாது.

பழைய வண்டி பார்க்கப் போனால் கீழே குனிந்து பார்க்க வேண்டியவை உண்டு. ரேவ்4-ல் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். அதைக் குளிர்விக்கும் காற்று சீட்டின் அடிப்பக்கச் சல்லடை வழியாகத்தான் போகும். நாய் வளர்த்தவர் வண்டி என்றால் அந்த ஃபில்டரில் மயிர் கம்பளி போலப் படிந்திருக்கும். காற்று போகாமல் பேட்டரி வேகும், ஆயுள் குறையும். வாங்கியதும் அதைக் கழற்றிச் சுத்தம் செய், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தச் சல்லடைமேல் குழந்தையின் போர்வை விழுந்து மூடாமல் மருமகளையும் பார்த்துக்கொள்ளச் சொல். வடக்கே உப்புத் தூவும் மாநிலத்தில் ஓடிய வண்டி என்றால் பின்மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளின் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல். அது அரித்துப்போய் மாற்றினால் பில் ஆயிரக்கணக்கில் வரும்.

ஹூஸ்டன் பக்கத்து வண்டி மலிவாக வந்தால் சந்தேகப்படு. 2017 ஹார்வி புயல் வெள்ளத்தில் மூழ்கியவை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அங்கே தண்ணீர் ஏறாத ஆண்டு குறைவு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். அடி முனையில் சேற்றுக் கோடு இருந்தால் எழுந்து வந்துவிடு. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், இவையும் காட்டிக்கொடுக்கும். டிக்கித் தரையைத் தூக்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பார், சில ஹைப்ரிட்களில் பஞ்சர் பசையும் பம்ப்பும் மட்டும்தான். வண்டியின் அடையாள எண்ணான வின்னை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் போட்டால் செய்யாமல் விட்ட ரீகால் (தயாரிப்புக் குறைக்காக நிறுவனம் திருப்பி அழைத்தது) தெரியும். டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. உங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) புகைச் சோதனை மட்டும் இருக்கிறது. அதனால் பதிவு புதுப்பித்திருப்பதைப் பார்த்து பிரேக்கும் டயரும் நன்றாக இருக்கும் என்று நம்பாதே.

வாங்கிய பிறகு செலவு குறைவு. ரேவ்4-க்கு 0டபிள்யூ-16 ஆயில், 4.8 குவார்ட், 10,000 மைல் அல்லது ஓர் ஆண்டு. பிரேக் பேட் அவ்வளவாகத் தேயாது, அதுவே ஒரு தொல்லை. பேடை அழுத்தும் காலிப்பருக்கு வேலை இல்லாததால் அதன் ஊசிகள் இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல். டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி, வண்டியை மூன்று வாரம் ஓட்டாமல் விட்டால் படுத்துவிடக்கூடும். பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் இது செத்தால் வண்டி எழாது.

ட்ரக்கை டீலரிடம் கொடுப்பதா, வெளியில் விற்பதா என்பதற்கு ஒரே கணக்கு. டெக்சாஸில் வண்டி வரி 6.25 சதவீதம், பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் வரி. டீலர் 20,000 தருகிறேன் என்றால் வரியில் உனக்கு 1,250 மிச்சம். ஆகவே வெளியில் 21,250-க்கு மேல் கிடைத்தால்தான் அலைச்சலுக்குப் பொருள் உண்டு. வெளியில் விற்றால் வாங்குபவரைக் கவுண்டி வரி அலுவலகத்துக்கே கூட்டிப்போய் டைட்டிலை (உரிமைப் பத்திரத்தை) மாற்று, முப்பது நாளுக்குள் மோட்டார் வாகனத் துறைக்கு விற்பனைத் தகவலையும் பதிவு செய். டோல் கணக்கிலிருந்து அந்த வண்டியின் எண்ணை நீக்கு. இல்லாவிட்டால் அவன் எஸ்.எச்.130-ல் போன ரசீது உனக்கு வரும்.

டீலரிடம் மாதத் தவணையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதே. எல்லாம் சேர்த்துச் சாவி கையில் வரும் விலையை, ஒவ்வொரு இனமாக, மின்னஞ்சலில் கேள். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் செதுக்கல், பெயிண்ட் பூச்சு என்று வரும் இனங்களை அடித்துவிடச் சொல். ட்ரக்கின் விலையைத் தனியாக, கடைசியில் பேசு. இரண்டையும் கலந்தால் ஒன்றில் கொடுத்து மற்றதில் எடுத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகும்போது வாங்கி வைத்திருக்கும் குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போ. பின்னோக்கி மாட்டிய பிறகு முன்சீட்டில் மருமகளை உட்கார வை. முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் அந்த வண்டி வேண்டாம். ட்ரக்கின் டைட்டில் கடன் கொடுத்த வங்கியிடம் இருக்கிறதா உன்னிடம் இருக்கிறதா என்று அதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா