ராணிப்பேட்டை நிலத்தடி நீருக்குப் பணம் ஒதுக்குங்கள். வசூலைப் பிறகு பார்க்கலாம்

மாண்புமிகு தமிழ்நாடு நிதி அமைச்சர் அவர்களுக்கும் சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 1970களில் தொடங்கி, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்து, 1995 வாக்கில் மூடப்பட்ட ஆலை அது. அங்கே குவிந்த ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைப் பற்றி ஆய்வு அறிக்கைகளுக்குக் குறைவில்லை. 2006-ல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ஒரு வெளிநாட்டு அமைப்பு எங்கள் ஊரையும் சேர்த்தது. அந்தப் பெயர் எடுத்து இருபது ஆண்டுகள் ஓடப் போகின்றன.

நான் எழுதுவது பணத்தைப் பற்றி மட்டும். அதற்கு முன் அந்தக் கழிவு செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் எவ்வளவு பணம், எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அந்தக் கழிவில் இருப்பது அறுமதிப்புக் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம். அது தண்ணீரில் எளிதில் கரையும். ஒவ்வொரு மழையும் கழிவு மேட்டின் ஊடே இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்குப் போகிறது. செறிவு கூடினால் நீர் மஞ்சளாகும்; குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆபத்து இந்த இரண்டாவதில்தான் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாகி இன்னும் செறியும்.

சுத்தம் செய்யும் வழி தெரியாதது அல்ல. முதலில் மேட்டை அகற்ற வேண்டும், அல்லது மழை இறங்காதபடி மூட வேண்டும். பிறகு நிலத்தடி நீரை இறைத்து, இரும்பு சல்பேட் போன்றவற்றால் அறுமதிப்பை மும்மதிப்பாக மாற்றிப் படியவைத்துப் பிரிக்க வேண்டும். மும்மதிப்புக் குரோமியம் எளிதில் கரையாது, நச்சும் மிகக் குறைவு. ஆனால் இறைப்பதைப் பாதியில் நிறுத்தினால், மண்ணில் ஒட்டியிருப்பது கசிந்து அளவு மறுபடி ஏறும். ஆகவே இது பல ஆண்டுகள் நடக்க வேண்டிய வேலை. மின்கட்டணம் வரும், ஆள் சம்பளம் வரும், பிரித்த கசடைப் பாதுகாப்பாகப் புதைக்கும் செலவு வரும், மாதந்தோறும் நீர்ப் பரிசோதனை வரும். ஒருமுறை அறிவித்து, அடிக்கல் நாட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிற திட்டத்துக்கு இது ஒத்துவராது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பீர்கள். அந்தக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததே எங்கள் பழைய வேலூர் மாவட்டத்து மக்கள் போட்ட வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று. சட்ட மாணவர்கள் நாடெங்கும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் ஆலை மூடி முப்பது ஆண்டான இடத்தில் யாரிடம் போய்ப் பில் நீட்டுவது? வசூல் வழக்கு அதன் வேகத்தில் நடக்கட்டும். மழை அதற்காகக் காத்திருப்பதில்லை.

அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்ட சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குப் பத்தாயிரம் கூட வராது. அதைக்கூடப் பலருக்கு இழுத்தடித்த பிறகு, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்குத் தெளிவாகச் சொன்னது: முதலில் நீங்கள் கொடுங்கள், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டுக்குப் பொருந்தும் இந்த முறை, சுத்திகரிப்புக்கு ஏன் பொருந்தாது? இழப்பீடு கைக்கு வந்தாலும் கிணறு கெட்டபடியேதான் கிடக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த மாசுபட்ட இடங்களுக்கான விதிகளும், பொறுப்பாளி யாரென்று தெரியாதபோது அல்லது அவரால் கட்ட முடியாதபோது அரசுகளே செலவை ஏற்க வழி வைத்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொழிற்பேட்டையை அமைத்தது அரசு நிறுவனம். ஆலைக்கு அனுமதி கொடுத்ததும் அரசுதான். வேறு யாரோ செய்த பாவத்துக்குப் பொதுப்பணமா என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து குழாயில் வருகிறதே என்று ஒரு அதிகாரி கேட்கலாம். வருகிறது, நன்றி. ஆனால் மாடு குடிப்பதும் நெல்லுக்குப் பாய்வதும் காவிரி அல்ல. குழாயில் நீர் வராத நாளில் போர்வெல் தண்ணீர்தான் அடுப்பில் ஏறுகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வைத்துத் தருகிறோம் என்றால், அது ஒதுக்கித் தள்ளும் செறிந்த நீர் எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் பக்கத்துச் சாக்கடைக்குத்தான் போகிறது; அங்கிருந்து மண்ணுக்கு.

அமெரிக்கா 1980-ல் இப்படிப்பட்ட இடங்களுக்கென்று தனி நிதியம் அமைத்து, ரசாயன, எண்ணெய் நிறுவனங்கள் மீது வரி விதித்து அதை நிரப்பியது. 1995-ல் வரி காலாவதியானது, நிதியம் வற்றியது, வேலையும் சுணங்கியது. 2021-ல் சட்டம் இயற்றி ரசாயன வரியையும், 2022-ல் எண்ணெய் வரியையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பொதுக் கருவூலத்தின் தயவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதிய சாட்சி. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை நடத்த அனுமதி தருவதற்கு ஆலைகளிடம் இசைவுக் கட்டணம் வாங்குகிறது. அதில் ஒரு பங்கைச் சட்டப்படி இந்த வேலைக்கென்றே பிரித்து வைக்கலாம்.

எனவே, வரும் நிதிநிலை அறிக்கையில் ராணிப்பேட்டைச் சுத்திகரிப்புக்குத் தனித் தலைப்பில், குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு நிறுத்த முடியாத ஒதுக்கீடு கேட்கிறோம். மேட்டை மூடவோ அகற்றவோ ஒரு தேதி சொல்லுங்கள். அது அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இருக்கட்டும். சுற்றியுள்ள கிணறுகளின் பரிசோதனை முடிவுகளைக் கிணறுவாரியாகத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு நிதி ஒதுக்கீடுகூட வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாலாஜா வட்டத்துக் கிணற்றுப் பாசன விவசாயி ஒருவர்