உன் வலது ஃபுல்-பேக்கைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபுட்பால் மேனேஜரில், அதுதான் நாமே கோச்சாக ஓர் அணியை நடத்தும் அந்த கம்ப்யூட்டர் கேமில், தோற்றுக்கொண்டிருக்கும் உன் அணியின் ஸ்கிரீன்ஷாட்டை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்தேன். "எதை மாத்தணும்னு மட்டும் சொல்லும்மா" என்று போனில் கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷத்திலேயே "ம்... ம்..." என்று கொட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆற அமரப் படி.

அதற்கு முன்னால் ஒரு பழைய விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலைக்குக் கிளம்பிப் போனபோது பழைய லேப்டாப்பில் உன் ஃபுட்பால் மேனேஜர் 2024 ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனாய். "அதை மட்டும் அழிச்சிடாதே" என்று இரண்டு தரம் சொன்னாய். அழிக்கவில்லை. ஒருநாள் சும்மா திறந்தேன். மேல் மூலையில் 'கன்டின்யூ' என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். ஏதோ கடிதங்கள் வந்தன, மறுபடியும் அழுத்தினேன். திடீரென்று மேட்ச் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. 4-0 என்று தோற்றோம். அதுவரை நீ அந்த சீசனில் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. உன்னிடம் சொல்லாமல் அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் ஆடக் கற்றுக்கொண்டேன். இப்போது நாலாவது சீசன் ஓடுகிறது.

சரி, உன் அணிக்கு வருகிறேன்.

4-2-3-1 போட்டிருக்கிறாய், தடுப்பில் நாலு பேர், நடுவில் இரண்டு, அதற்கு முன்னால் மூன்று, உச்சியில் ஒருவன். அதில் குறை ஒன்றுமில்லை. பந்து 63 சதவீதம் உன்னிடம், 18 ஷாட், கடைசியில் 1-2. ஐந்து மேட்சில் நாலு இப்படியே போனதால் "கேம் ஏமாத்துது" என்கிறாய். ஒரு பேப்பரில் எண்ணிப் பார்த்தேன். ஓரத்தில் தடுக்கும் இரண்டு ஃபுல்-பேக்குக்கும் விங்-பேக் ரோல் கொடுத்திருக்கிறாய், ஆக இடது விங்-பேக், வலது விங்-பேக், நடுவிலிருந்து ஓரமாக ஒதுங்கி ஏறும் மெஸ்ஸாலா, இன்சைட் ஃபார்வர்ட், விங்கர், ஷாடோ ஸ்ட்ரைக்கர், அட்வான்ஸ்டு ஃபார்வர்ட். ஏழு பேருக்கும் டியூட்டி 'அட்டாக்'!

டியூட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 22 வருஷம் வார்டில் டியூட்டி சார்ட் போட்டவள் நான். கெட்டிக்கார நர்ஸ்கள் எல்லாரையும் காலை ஷிப்டில் போட்டுப் பார், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அசந்துபோவார். ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று கட்டிலிலிருந்து ஒரே நேரத்தில் பெல் அடிக்கும்போதுதான் அந்த சார்ட்டின் லட்சணம் தெரியும். உன் அணி காலை ஷிப்ட் மட்டும் உள்ள வார்டு.

ரோல் என்றால் ஓர் ஆட்டக்காரன் செய்யும் வேலை என்ன என்பது. டியூட்டி என்றால் அந்த வேலையை எவ்வளவு முன்னால் போய், எவ்வளவு துணிந்து செய்வான் என்பது. 'டிஃபெண்ட்' வாங்கியவன் மற்றவர்கள் போகும்போதும் நிற்பான். 'சப்போர்ட்' வாங்கியவன் பந்தோடு சேர்ந்து மெல்ல ஏறுவான். 'அட்டாக்' வாங்கியவன் பந்து வருமுன்னே ஓடிவிடுவான். இன்னொன்றும் கவனி. திரையில் நீ பதினொரு பேரையும் அடுக்கி வைக்கிறாயே, அது பந்து எதிராளியிடம் இருக்கும்போது அவர்கள் நிற்கும் வடிவம். பந்து நம் காலுக்கு வந்ததும் அது கலையும். கலைந்து எங்கே போவார்கள் என்பதை ரோலும் டியூட்டியும்தான் தீர்மானிக்கின்றன. நீ 4-2-3-1 என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பந்து உன்னிடம் இருக்கும்போது அங்கே இருப்பது பின்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவன், முன்னால் ஏழு பேர்.

எதிராளி போட்டதாக நீ அனுப்பிய அந்த இரண்டாவது கோலை மறுபடி போட்டுப் பார். பந்தைப் பார்க்காதே. உன் வலது ஃபுல்-பேக்கை மட்டும் பார். எதிராளியின் கார்னர் கொடி பக்கத்தில் நிற்கிறான். அவனுக்கு இரண்டடி தள்ளி, அதே கோட்டை ஒட்டி உன் விங்கர். இரண்டு பேரும் கையை நீட்டிப் பந்து கேட்கிறார்கள். ஒரே ஒரு எதிராளி இரண்டு பேரையும் காவல் காக்கிறான், பாவம், அவனுக்கு அவ்வளவு சுலபமான மாலைப்பொழுது அமைந்திருக்காது. போதாததற்கு மெஸ்ஸாலாவும் அந்தப் பக்கமே ஒதுங்கி வருகிறான். மூன்று பேர் கூடிய இடத்தில் பந்து பறிபோகிறது. ஒரு நீளப் பாஸ். வலது பக்கம் முழுக்க வெறும் புல். மிச்சம் இருந்த ஒரே மிட்ஃபீல்டர் அங்கே பாய்கிறான், நடு காலி. நடுவில் தடுக்க வேண்டிய சென்டர்-பேக் அவனுக்கு உதவ வெளியே போகிறான், பெனால்டி பாக்ஸும் காலி. அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் காலாற நடந்து வந்து பந்தைத் தட்டிவிட்டுப் போகிறான். கோல்கீப்பர் மேல் கோபப்பட்டு அவனை மாற்றியிருக்கிறாய். அவன் என்னடி செய்வான்?

இடது பக்கம் நீ தெரிந்தோ தெரியாமலோ சரியாகச் செய்திருக்கிறாய். இன்சைட் ஃபார்வர்ட் கோலை நோக்கி உள்ளே வெட்டுவான், காவலுக்கு நிற்பவனும் கூடவே உள்ளே போவான், வெளியே திறக்கும் சந்தில் உன் விங்-பேக் ஏறுவான். அவனுக்கு 'அட்டாக்' வேண்டாம், 'சப்போர்ட்' போதும், மற்றபடி தொடாதே. வலது பக்கம் விங்கர் ஓரக் கோட்டை விட்டு நகரவே மாட்டான். அது அவன் ரோல். வெளிப்பக்கம் அவனுக்கு என்றால் ஃபுல்-பேக்குக்கு அங்கே வேலையே இல்லை. பின்னால் நின்று பந்து வாங்கிக் கொடுக்கட்டும், அல்லது உள்ளே வந்து மிட்ஃபீல்டில் நிற்கட்டும். உள்ளே வருவதற்கு 'இன்வெர்டட் விங்-பேக்' என்று தனி ரோலே இருக்கிறது. பயர்ன் மியூனிக்கில் கோச் குவார்டியோலா, ஃபுல்-பேக் பிலிப் லாமை இப்படித்தான் உள்ளே கொண்டுவந்தார். உன் ஃபுல்-பேக்குக்கு இருபதுக்குப் பாஸ் 14, முடிவெடுப்பது 13. தாராளமாகச் செய்வான். 'டிஃபெண்ட்' டியூட்டியோடு கொடு.

ஆனால் அவன் பக்கத்தைத் திறந்து கீழே ஒரு வரியைப் பார். 'வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் முன்னேறுவான்' என்று அவன் பழக்கங்களில் எழுதியிருக்கிறது. நீ என்ன டியூட்டி கொடுத்தாலும் அந்தப் பழக்கம் அவனை இழுக்கும். நானும் இதில் ஒரு சீசன் முழுக்கக் கோட்டைவிட்டேன். 'டிஃபெண்ட்' கொடுத்த ஆள் எதற்கு அங்கே போய் நிற்கிறான் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பயிற்சியில் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லலாம், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பெஞ்சில் இருக்கும் அந்த 31 வயது ஆளை ஆடவை. வேகம் இல்லை, ஆனால் நின்ற இடத்தில் நிற்பான்.

இப்போது நடுவில் இருக்கும் இரண்டு பேர். 'பால்-வின்னிங் மிட்ஃபீல்டர்' என்ற பெயரைப் பார்த்து, காவலுக்கு ஆள் இருக்கிறான் என்று நம்பிவிட்டாய். எல்லாரும் விழுகிற குழி இது. அவன் பந்தைப் பறிக்க இடத்தைவிட்டு ஓடுகிறவன். எங்கள் வார்டில் ஒரு பெண் இருந்தாள், எந்தக் கட்டிலில் பெல் அடித்தாலும் முதல் ஆளாக ஓடுவாள். தங்கமான பெண். ஆனால் அவளுக்கென்று கொடுத்த ஆறு கட்டிலும் அநாதையாகக் கிடக்கும். அவளைத் தனியாக ராத்திரி டியூட்டியில் போடவே மாட்டேன், நிதானமான இன்னொருத்தி கூட இருக்க வேண்டும்.

இத்தாலியின் ஏசி மிலான் அணியில் நடுவில் ஆடிய பிர்லோவும் கட்டூஸோவும் அப்படித்தான். பிர்லோ ஆரம்பத்தில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடிய ஆள். 2001-இல் பிரெஷா அணியில் அந்த இடத்தில் பாஜியோ இருந்ததால், மட்சோனே என்ற கோச் பிர்லோவைக் கீழே இறக்கினார். அப்புறம் மிலானில் அன்செலோட்டி அவரை அங்கேயே நிலைநிறுத்தினார். கட்டூஸோ ஓடி ஓடிப் பந்தைப் பறிப்பார், பிர்லோ நின்று அதைப் பங்கிடுவார். 2003, 2007 இரண்டு வருஷமும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அந்த இரண்டு பேரில் யார் பெரிய ஆள் என்று உன் தம்பி என்னோடு சண்டை போடுகிறான். ஒருவரை எடுத்துவிட்டு மற்றவரை எடை போடுவதே தப்பு என்கிறேன், காதில் வாங்க மாட்டேன் என்கிறான்.

ஆக, மெஸ்ஸாலாவை எடுத்துவிடு. அந்த ரோல் மூன்று பேர் இருக்கும் நடுவரிசைக்கு அழகு, இரண்டு பேரில் ஒருவன் ஒதுங்கினால் பாதி வீடு காலி. அங்கே பிர்லோ மாதிரி பின்னால் நின்று பந்தைப் பங்கிடும் 'டீப்-லையிங் பிளேமேக்கர்', 'டிஃபெண்ட்'. பக்கத்தில் பந்தைப் பறிக்கும் உன் ஓட்டக்காரன் இருக்கட்டும்.

முன்னால் இன்னொரு கோளாறு. ஷாடோ ஸ்ட்ரைக்கர் பின்னாலிருந்து பாக்ஸுக்குள் பாய்கிறவன். அட்வான்ஸ்டு ஃபார்வர்ட் ஏற்கெனவே அங்கே நிற்கிறான். இரண்டு பேரும் ஒரே கதவில் நுழையப் பார்க்கிறார்கள். உன் 18 ஷாட்டில் 11 ஏன் யாரோ ஒருவர் காலில் பட்டுத் திரும்பியது என்று இப்போது தெரிகிறதா? ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் கீழே இறங்கச் சொல். 'டீப்-லையிங் ஃபார்வர்ட், சப்போர்ட்'. அவன் இறங்கினால் அவனைக் காக்கிற சென்டர்-பேக்குக்கு ஒரு சங்கடம் வரும்: கூடவே போவதா, நிற்பதா? 1953 நவம்பர் 25-ஆம் தேதி வெம்ப்ளியில் இங்கிலாந்து இந்தச் சங்கடத்தில்தான் மாட்டியது. ஹங்கேரியின் ஹிடெகுட்டி, 9-ஆம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு ஸ்ட்ரைக்கர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே கீழே வந்தார். பின்னால் போவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வதற்குள் ஹங்கேரி 6-3 என்று ஜெயித்துவிட்டது, ஹிடெகுட்டி மட்டும் மூன்று கோல். உன் ஸ்ட்ரைக்கர் ஹிடெகுட்டி இல்லைதான். ஆனால் நீ ஆடுவதும் மூன்றாம் டிவிஷன்தானே.

"அவனுக்கு அந்த ரோலில் வட்டம் முழுப் பச்சையா இல்லையேம்மா" என்பாய். அந்தப் பச்சை வட்டத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. அந்த ரோலுக்கான குணங்கள் அவனிடம் எவ்வளவு இருக்கின்றன என்றுதான் அது சொல்லும். பக்கத்தில் நிற்பவனோடு ஒத்துப்போவானா என்று அதற்குத் தெரியாது. எண்களையே நேராகப் படி, ஒன்றிலிருந்து இருபது வரைதானே. அதிலும் ஒரு குழப்பம் உனக்கு இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன், உன் ஸ்ட்ரைக்கரை வாங்கும்போது 'பொசிஷனிங்' 15 என்று குதித்தாய். அது பந்து எதிராளியிடம் இருக்கும்போது தடுக்க எங்கே நிற்பான் என்பது. ஸ்ட்ரைக்கருக்குப் பார்க்க வேண்டியது 'ஆஃப் த பால்', பந்து தன்னிடம் இல்லாதபோது நல்ல இடம் பார்த்து நகர்வது. அவனுக்கு அது 9. போனது போகட்டும்.

டீம் இன்ஸ்ட்ரக்ஷன் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மென்டாலிட்டியை 'அட்டாக்கிங்' என்று வைத்தாலே வேகமும் துணிச்சலும் தானாக ஏறிவிடும். அதன் மேல் டெம்போவையும் ஏற்றி, தடுப்பு வரிசையையும் மேலே தள்ளியிருக்கிறாய். உன் சென்டர்-பேக் இரண்டு பேருக்கும் ஓட்ட வேகம் 9. அவர்களுக்குப் பின்னால் நாற்பது கஜம் திறந்து வைத்தால் எந்தப் பையனும் ஓடித்தான் பார்ப்பான். 'பேலன்ஸ்டு', வரிசை சாதாரண உயரம், கூடுதல் குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு மூன்று மேட்ச் ஆடு. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்.

ஒரே ஒரு கண்டிப்பு. இதை மாற்றிய பிறகு ஒரு மேட்ச் தோற்றதும் மறுபடி கலைக்காதே. ஆட்டமுறை உன் ஆட்களுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டும் 'டாக்டிக்கல் ஃபெமிலியாரிட்டி' என்ற பட்டைகளைப் பார், உன்னுடையது பாதிகூட நிரம்பவில்லை. ஐந்து மேட்சில் மூன்று ஃபார்மேஷன் மாற்றினால் எப்படி நிரம்பும்? சார்ட்டை வாரா வாரம் மாற்றினால் யார் எந்த ஷிப்டுக்கு வருவாள் என்று எனக்கே தெரியாது. ஒரு மாதமாவது விடு.

உன் தம்பி புதிய பதிப்பை வாங்கச் சொல்லி நச்சரிக்கிறான். 2025 பதிப்பை அவர்கள் வெளியிடாமலே கைவிட்டார்கள். 2026-இல் டியூட்டியையே தூக்கிவிட்டு, பந்து இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது ஒரு வடிவம் என்று தனித்தனியாகப் போடவைத்திருக்கிறார்களாம். நியாயமான யோசனைதான். ஆனால் டியூட்டி இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டேன். 

சொல்ல மறந்துவிட்டேன். பழைய லேப்டாப் அணிக்கு நீ முதல் சீசனில் காசில்லாமல் சும்மா கூட்டி வந்தாயே அந்த கோல்கீப்பர், 34 வயது, யாரும் வேண்டாம் என்று விட்ட ஆள், போன வாரம் ஓய்வு பெற்றுவிட்டான். அனுப்ப மனம் வரவில்லை. கோல்கீப்பர் கோச்சாக வைத்துக்கொண்டேன். வேலை சுமார்தான்.

சனிக்கிழமை ஆட்டத்தை முக்கியமான கட்டங்களை மட்டும் காட்டும் 'கீ ஹைலைட்ஸ்' போட்டு ஓட்டாதே, முதல் இருபது நிமிஷமாவது முழுசாகப் பார். ஞாயிறு கூப்பிடும்போது ஸ்கோரை அப்புறம் சொல்லலாம். பந்து பறிபோனபோது அந்த வலது ஃபுல்-பேக் எங்கே நின்றான், அதை முதலில் சொல்.

அன்புடன்,
அம்மா