கன்று கத்திய நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி முடியும்வரை செய்தியில் சென்னை என்றாலே எனக்கு வயிறு கலங்கும்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 கஜா புயலில் அப்பா வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது என்றுதானே சொன்னோம்? அப்படியில்லை. நவம்பர் 16, விடிய நேரமிருந்தது. வடக்கிலிருந்து பேயாக அடித்த காற்று சட்டென்று நின்றது. கொட்டகையில் கன்று கத்துவது கேட்டது. “ஓய்ஞ்சிடுச்சு, போய்ப் பாத்துட்டு வாங்க” என்று அவரை அனுப்பியது நான்தான்.

புயல் ஓயவில்லை. அதன் கண், அதாவது நடுவிலிருக்கும் அமைதியான பகுதி, வேதாரண்யத்துக்கு மேல் வந்திருந்தது. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கிழக்கேயிருந்து வரும்போது முன்பாதி வடகாற்று, நடுவில் அமைதி, பின்பாதி தென்காற்று. வீட்டுக்குத் தென்புறம் அதுவரை மறைவாக இருந்த கொட்டகை, இப்போது காற்றை நேராக வாங்கியது. வடகாற்றில் வேர் தளர்ந்திருந்த தென்னை திரும்பி அதன்மேலேயே விழுந்தது. அப்பா உள்ளே இருந்தார். இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதையெல்லாம் அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னையிலும் இப்படித்தான் இடையில் அடங்கி, திசை மாறித் திரும்ப அடித்ததாம்.

இன்னொன்று. புயல் வேறெங்கோ கரையைக் கடக்கிறது என்று அசட்டையாக இருந்துவிடாதே. 2023-ல் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவில், பாபட்லா பக்கம். அதற்கு முன்னால் உங்கள் ஊருக்கு எதிரே கடலில் மெல்ல நகர்ந்தபடி கொட்டியதில்தான் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. எல்லோரும் காற்றின் வேகத்தைத்தான் கேட்பார்கள். புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் நீ கேள். வெதுவெதுப்பான கடல்தான் அதற்குத் தீனி. அங்கே நின்று நிதானமாக வந்தால் மழை உங்கள் தலையில்தான்.

உன் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள். புயலன்று காற்று நின்றால் கதவைத் திறக்காமல் எனக்கு போன் போடு. இதுவரை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்பேன். அடுத்த காற்று அடங்கும்வரை பேசிக்கொண்டே இருப்போம்.

அம்மா