அண்ணே, நான் கையெழுத்துப் போடமாட்டேன்

அண்ணே,

அப்பாவின் தலைத்திவசத்துக்குள் ஒரு முடிவைச் சொல் என்றீர்கள். அப்பாவின் நிலத்தை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். போனில் சொன்னால் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நான் அழுதுவிடுவேன், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். அத்தை ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார். என் பக்கமும் ஓரிடத்தில் இருக்கட்டும். சொந்தக்காரர்கள் படிப்பார்கள் என்பது தெரியும். ஆகவே வாங்க வந்தவர் யார், எவ்வளவு பேசினார், அன்றிரவு வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வராது.

கருமாதிக்கு மறுநாள் காலையில் நாம் நடந்தோமே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. ஐப்பசி மழை விட்டிருந்தது. நம் அரிட்டாபட்டியின் ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் பனைகளை ஒட்டி நடந்தோம். மூச்சு வாங்காத பாதை. அப்பா கடைசி வருடம்வரை செருப்பில்லாமல் நடந்த பாதை. குடைவரைச் சிவனைக் கும்பிட்டுவிட்டு, சிவனின் வடிவமான லகுலீசர் சிற்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கழிஞ்சமலைப் பாறையில் ஏறினோம். வழுக்கும் இடத்தில் நீங்கள் கை நீட்டினீர்கள். நாற்பதைத் தாண்டிய எனக்கு அந்தக் கை தேவைப்படவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.

மேலே சுனை விளிம்புவரை நிறைந்திருந்தது. பாசி மணம். நீர்மேல் கால் ஊன்றி நிற்கும் சிறு பூச்சிகள், ஒவ்வொரு காலடியிலும் ஒரு குழி. நீங்கள் குப்புறப் படுத்து வாய் வைத்துக் குடித்தீர்கள். சட்டையில் ஈரம் படர, நிமிர்ந்து சிரித்தீர்கள். அப்பா போனபிறகு உங்கள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அப்போதுதான் பாறை முகட்டிலிருந்து வல்லூறு பாய்ந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு மாடப்புறா இருந்த இடத்தில் இறகுகள் மட்டும் மெல்ல இறங்கின. ஓர் இறகு உங்கள் தோளில் விழுந்தது, நான்தான் எடுத்தேன். இருவரும் பேசாமல் நின்றோம். ஏழு குன்றுகளும், இடையிடையே நிறைந்த கண்மாய்களும், நம் வயலின் பச்சையும் கீழே தெரிந்தன.

அங்கே வைத்துத்தான், அண்ணே, சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று ஆரம்பித்தீர்கள்.

கருமாதிச் சாம்பல்கூட ஆறவில்லை. நடக்கக் கூப்பிட்டதே இதற்காகத்தானா என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்றே நம்ப ஆசைப்படுகிறேன்.

நம் நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் எல்லைக்குள் வராது, விற்கத் தடையில்லை என்றீர்கள். சரிதான். உயிரினங்களைக் காக்க 2022-இல் அரசு அறிவித்த 193.42 ஹெக்டேரில் நம் வயல் இல்லை. ஆனால் மலையில் பெய்வது வெறும் பாறையில் வழிந்து, சுனையில் தங்கியது போக மிச்சம் கண்மாய்க்கு வந்து, மடை வழியாக நம் வரப்பை ஒட்டிய வாய்க்காலில்தானே இறங்குகிறது? அங்கே மண்ணடித்து பிளாட் போட்டால் கீழே இருக்கிற வயல்களுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? 2025 ஜனவரி 7 அன்று டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஊர்கள் திரண்டு நடந்தபோது அப்பாவும் நடந்தார். அதே மாதம் சுரங்க ஏலம் ரத்தானது என்ற செய்தி வந்ததும், இனி நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்றார். உங்களுக்கும் போன் செய்து சொன்னாரே. சுரங்கத்தை விரட்டியவரின் வயலில் நாமே கல் ஊன்றுவதா?

திருப்பூரில் இரவு ஷிப்ட் பார்த்து என்னைக் கல்லூரியில் படிக்கவைத்தவர் நீங்கள். பஞ்சு படிந்த தலையோடு விடுதி வாசலில் வந்து நின்று, கட்டணத்தைக் கையில் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறுவீர்கள். அந்தக் கடனை என்னால் தீர்க்க முடியாது. அதற்காக நீங்கள் நீட்டுகிற தாளில் எல்லாம் கையெழுத்துப் போட வேண்டுமா? கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் என்ன பேச்சு என்று அத்தை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டீர்கள். 1989-இலேயே பெண்களுக்குச் சட்டம் கொடுத்துவிட்ட பங்கு அது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

உங்கள் பெரிய மகனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது தெரியும். என் முடிவால் உங்களுக்கு வருகிற நெருக்கடிக்கு மன்னித்துக்கொள்ளுங்கள், மனதாரக் கேட்கிறேன். என் வளையல்களை அடகு வைத்துத் தரத் தயாராக இருக்கிறேன் என்று அன்றே சொன்னேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்றுதான் மறுத்தீர்கள் என்றால், அவருக்குத் தெரியும். அவரே சொன்னதுதான்.

கழிஞ்சமலைக் குகையில் நெல்வேலிக்காரன் ஒருவன் துறவிகளுக்குக் குகையைக் கொடுத்ததாகத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறதே, சின்ன வயதில் எழுத்துகளின் மேல் என் விரலைப் பிடித்து ஓட்டிக் காட்டியவர் நீங்கள்தான். உங்கள் பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே கூட்டிப் போயிருக்கிறீர்களா?

இந்தப் போகத்துக்கும் நிலத்தைப் பழைய குத்தகைதாரருக்கே விட்டிருக்கிறேன். அறுப்பு முடிந்ததும் பணத்தில் பாதியை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். திவசத்துக்கு வருவதாக இருந்தால் முதல் நாளே வந்துவிடுங்கள். சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டும். வரவில்லை என்றாலும் அதை நீங்களே சொல்லுங்கள், அத்தை மூலமாக வேண்டாம்.

உங்கள் தங்கை