ஹைடல்பெர்க்கில் ‘அரியர்’ கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் ஜெர்மனி இடம்பெறாமல் போவதில்லை. ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), விசா, வங்கிக் கணக்கு எல்லாம் விளக்கமாக வருகின்றன. பிள்ளை விமானம் ஏறுவதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அங்கே போன பிறகு படிப்பு எப்படி நடக்கிறது, எந்த விதி தெரியாததால் சிலர் பட்டம் வாங்காமலே திரும்ப நேர்கிறது என்பதற்கும் இடம் கொடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம், படிப்புக்குப் படிப்பு விதி மாறும். ஆகவே ஹைடல்பெர்க் என்ற ஒரே ஊரை வைத்து எழுதுகிறோம்.

நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் பல்கலைக்கழகம் 1386-ல் தொடங்கப்பட்டது. இன்றைய ஜெர்மனியில் இதுவே மிகப் பழையது. 1962 முதல் இங்கே இயங்கும் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள் என்பது நம்மவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்ற பேச்சு இந்த ஊருக்குப் பொருந்தாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டர் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் இளநிலை, முதுநிலை மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு இது இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்ற சிறு தொகை தனி. இரண்டையும் ஒவ்வொரு செமஸ்டரும் கெடுவுக்குள் கட்டினால்தான் பெயர் பதிவேட்டில் நீடிக்கும்.

இனி தேர்வு. பெரிய இழப்பு நேர்வது அங்கேதான். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியில் ஒரு தாளில் தோற்றால் அது அரியர். அடுத்த செமஸ்டரிலோ அதற்கடுத்ததிலோ எழுதிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதைப் ‘ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்’ எனப்படும் தேர்வு விதித்தொகுப்பு முடிவு செய்கிறது. ஒவ்வொரு படிப்புக்கும் ஒன்று தனியாக உண்டு. பெரும்பாலும் முதல் முறை போனால் மறுவாய்ப்பு ஒன்றுதான். மூன்றாவது வாய்ப்பு மிகச் சில பாடங்களுக்கு மட்டும் கிடைக்கும், அதுவும் எல்லாப் படிப்புகளிலும் அல்ல. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பும் கைநழுவினால் ‘இறுதியாகத் தேறவில்லை’ என்று பதிவாகும், மாணவரின் பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழியில்லை. படிப்பை நம்பித் தந்த வதிவிட அனுமதியும் அதோடு ஆட்டம் காணும். மற்ற எல்லாப் பாடங்களிலும் நல்ல மதிப்பெண் இருந்தாலும் அது கைகொடுக்காது.

பாடத்தில் பெயர் கொடுப்பதும் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதும் வெவ்வேறு வேலைகள். வகுப்புக்கு ஒழுங்காகப் போய்விட்டு, தேர்வுக்குப் பதிய மறந்தவர் தேர்வறைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பதிந்துவிட்டு, தக்க காரணமில்லாமல் வராமல் இருந்தால் 5.0, அதாவது தோல்வி. ஒரு வாய்ப்பும் கணக்கில் கழிந்துவிடும். படிக்கவில்லை என்று தெரிந்தால் விலகுவதற்கான கெடுவுக்குள் விலகிவிட வேண்டும். தேர்வன்று காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கித் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும், மறுவாரம் தேதி போட்டு வாங்கிய சான்று செல்லாமல் போகும். மதிப்பெண் முறை தலைகீழாக இருப்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது: 1.0 மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சியின் விளிம்பு.

உள்மதிப்பெண் என்று கையில் இருபது முப்பது வைத்துக்கொண்டு தேர்வு எழுதும் ஏற்பாடும் இங்கே பொதுவாக இல்லை. கணிதம், இயற்பியல் போன்ற துறைகளில் வாரம் ஒரு பயிற்சித்தாள் தருவார்கள். அதில் பல பாடங்களில் பாதி மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் தேர்வு எழுதவே அனுமதி. அந்த மதிப்பெண் இறுதி முடிவில் சேராது என்பதால் பலர் அலட்சியமாக நண்பரின் தாளைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். தேர்வுத்தாளில் வருவதோ பெரும்பாலும் அதே வகைக் கணக்குகள். ஒரு கிரெடிட் என்பது 30 மணிநேர உழைப்பு. 6 கிரெடிட் பாடத்துக்கு 180 மணிநேரம் என்றால், வகுப்பில் கழிவது அதில் சுமார் 60. மீதி 120 மணிநேரத்தை எங்கே, எப்போது என்று மாணவரே திட்டமிட வேண்டும், யாரும் கேட்கமாட்டார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வகுப்பு இருக்காது. அதை விடுமுறை என்று எண்ணி ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, மறுதேர்வு அந்த நாட்களில் விழுவதைப் பிறகு கண்டு தவிப்பவர்கள் உண்டு.

கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் 15 நிமிடம் கழித்துத் தொடங்கும். 9 முதல் 11 என்றால் உண்மையில் 9.15 முதல் 10.45. ‘எஸ்.டி.’ என்றால் மணியடித்தாற்போல் 9. இந்தப் பழக்கத்தில் எஸ்.டி. என்று போட்ட தேர்வுக்குக் கால் மணி தாமதமாகப் போய்விடக் கூடாது. (விரிவுரை முடிந்ததும் கை தட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் திகைக்க வேண்டாம், அது பாராட்டுத்தான்.)

அடுத்து, இறங்கிய முதல் மாதப் பணம். விசாவுக்காகச் செலவுப் பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டிருந்தாலும் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் ஜெர்மன் வங்கிக் கணக்கு திறந்து, ஆவணங்களைக் கொடுத்த பிறகு. ஆனால் வீட்டு முன்பணமாகப் பராமரிப்புச் செலவு சேராத வாடகையில் மூன்று மாதம்வரை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. 400 யூரோ அறைக்கு 1,200 முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. கணக்கு இங்கேதான் உதைக்கிறது. முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைக்கு வருபவருக்கு உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எப்படியும் தனியாக 2,000 யூரோவாவது எடுத்துவரும்படி திட்டமிடுவது நல்லது. அறையை நேரிலோ நம்பகமானவர் மூலமோ பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவி தபாலில் வரும்’ என்பவர் மோசடிக்காரர்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதைத்தான் மாணவர்கள் ‘அன்மெல்டுங்’ என்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியமர்வு உறுதிச்சீட்டு வேண்டும். ‘இந்த முகவரியில் பதிய முடியாது’ என்று சொல்லும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. முகவரி பதியாவிட்டால் வரி எண் வராது, வதிவிட அனுமதி வேலையும் சிக்கிக்கொள்ளும். விசா முடியும் முன்பே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை தங்க உரிமை உண்டு. ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். முகவரி பதிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். கூடத் தங்குபவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட வேண்டும். கடிதத்தைக் குப்பையில் போட்டால் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரே எச்சரிக்கை: 30 வயதுக்கு உட்பட்டவர்கள் அரசுமுறைக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு மலிவான தனியார் காப்பீட்டுக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது.

பழைய நகரத்தில் குடியிருப்பது படத்தில் அழகு. 1693-ல் பிரெஞ்சுப் படை எரித்த பின் மீண்டும் கட்டிய நகரம் அது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பெரும்பாலும் தப்பியதால் பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. தடித்த சுவர், குளிர்ந்த மூலைகள். இந்த வீடுகளில் நம் சமையல் தனிச் சிக்கல். குக்கர் விசில், இட்லிக் கொப்பரை ஆவி, கொதிக்கும் சாம்பார், அறைக்குள்ளேயே காயும் துணி எல்லாம் காற்றில் ஈரத்தை ஏற்றும். குளிர்ந்த சுவரில் அது நீராகப் படியும், பின்னாலேயே கருப்புப் பூஞ்சணம். வீட்டைக் காலி செய்யும்போது அந்தச் செலவை முன்பணத்தில் பிடிப்பார்கள். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்துத் திறந்து வைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதுதான் தவறு. காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் மேலும் குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். ஹீட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலை முழுசாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. சமைத்து முடித்ததும் ஒரு தடவை கட்டாயம். சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்கட்டும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிப் போடுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி 60 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹீட்டரையே அணைத்துவிட்டால் சுவர் இன்னும் குளிரும். குடிவரும் அன்றே ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து, ஒப்படைப்புக் குறிப்பில் ஏற்கெனவே உள்ள கறைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறை தேடும் முன் துறை எங்கே என்று பாருங்கள். மொழி, வரலாறு போன்ற கலைப் படிப்புகள் பலவும் சட்டமும் பழைய நகரத்தில், அறிவியலும் மருத்துவமும் ஆற்றுக்கு வடகரையில் நாயன்ஹைமர் ஃபெல்டில், பொருளாதாரமும் தெற்காசியக் கல்வியும் பெர்க்ஹைமில். அறிவியல் மாணவருக்குப் பழைய நகரத்து அறையால் வாடகையும் கருங்கல் பாதையும்தான் மிச்சம்.

எனவே ஆசிரியர் அவர்களே, கல்விப் பக்கத்தில் அடுத்த முறை ஜெர்மனி வரும்போது ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: பணம் கட்டுமுன் அந்தந்தப் படிப்பின் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்கைத் துறையின் இணையதளத்திலிருந்து இறக்கி, மறுதேர்வு பற்றிய பிரிவைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று. ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தால் அது புரிந்துகொள்ள மட்டுமே. சட்டப்படி செல்லுவது ஜெர்மன் மூலம்தான்.

இப்படிக்கு,
ஹைடல்பெர்க்கில் படித்து முடித்த தமிழ் மாணவர்கள் சிலர்